உப்பு கம்மி

"உங்கள் மகளுக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று வகுப்பாசிரியை கேட்டபோது எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. நான் கேட்டது சின்ன விஷயம்: மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடலாமா, அவ்வளவுதான். செக் நாட்டு ப்ர்னோ நகரத்தில், எங்கள் குடியிருப்பிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிற சாதாரண நகராட்சிப் பள்ளி அது. என் செக் மொழியை நம்ப முடியாது என்பதால் அலுவலக நண்பரைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவர்தான் பொறுமையாக விளக்கினார். இங்கே மதியத்துக்கு டப்பா கொண்டுவருவது கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள், டாக்டர் சீட்டோடு வரும் பிள்ளைகள். மற்றவர்கள் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவார்கள். "எல்லாருமா?" என்றேன். ஒன்றிரண்டு பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதுண்டாம். ஆசிரியை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு என்றால் பள்ளியில் சுடச்சுடச் சமைத்துப் போடுவது, அதை வேண்டாம் என்று ஒரு அப்பா ஏன் சொல்லவேண்டும் என்ற குழப்பம் அதில் தெரிந்தது.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனது சரி என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு மதியச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் போகவேண்டும் என்பது எனக்குள் சட்டம் மாதிரி உட்கார்ந்திருந்தது. யார் போட்ட சட்டம், எதற்காகப் போட்டது என்றெல்லாம் நான் யோசித்ததில்லை. இரண்டு வருடம் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டியதுதான் இந்தப் பதிவு.

குருவியும் மெழுகுவத்தியும்

ஞாயிற்றுக்கிழமை இரவானால் என் மனைவி கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவாள். அடுத்த வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியல் பள்ளியின் இணையதளத்தில் வந்திருக்கும். தினமும் ஒரு சூப், அப்புறம் இரண்டு சாப்பாடு. ஒன்றாம் எண்ணா இரண்டாம் எண்ணா என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கவேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் வாரம் மொழிபெயர்ப்புச் செயலி 'மொராவியக் குருவி' என்று காட்டியது. அவள் பதறிப்போய் இரண்டாம் எண்ணை அழுத்தினாள். அங்கே 'ஸ்பானியப் பறவை' இருந்தது. குருவி என்பது பூண்டும் சீரகம் மாதிரியான கேரவே விதையும் போட்டுச் சுட்ட பன்றித் துண்டுகள் என்றும், பறவை என்பது முட்டையும் வெள்ளரி ஊறுகாயும் உள்ளே வைத்துச் சுருட்டிய மாட்டிறைச்சி என்றும், இரண்டிலும் ஒரு இறகுகூடக் கிடையாது என்றும் பிறகு தெரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும் 'ஸ்விச்கோவா' எங்களுக்கு 'மெழுகுவத்தி' என்று வந்தது. கேரட், செலரிக் கிழங்கு எல்லாம் வேகவைத்து அரைத்து, கிரீம் சேர்த்த குழம்பு, அதில் மாட்டிறைச்சி, பக்கத்தில் வட்டவட்டமாக வெட்டிய மாவு உருண்டை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. மகள் பள்ளியில் சாப்பிட்டால் என்ன என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அது தனிப் பதிவு, எழுதுவேனா என்று தெரியாது.

ஒவ்வொரு பதார்த்தத்துக்குப் பின்னாலும் 1, 3, 7, 9 என்று எண்கள் இருக்கும். விலை என்று நினைத்துக்கொண்டு, ஏன் எல்லாமே இவ்வளவு மலிவாக இருக்கிறது என்று யோசித்தேன். அவை ஒவ்வாமைக் குறியீடுகளாம். ஒன்று கோதுமை வகை, மூன்று முட்டை, ஏழு பால், ஒன்பது செலரி. செக் சமையலில் இந்த நான்கும் இல்லாத பண்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். உண்மையான விலையும் மலிவுதான். பெற்றோர் கட்டுவது மளிகைச் செலவை மட்டும். சமைப்பவர்களின் சம்பளம், மின்சாரம், பாத்திரம் எல்லாம் அரசும் நகராட்சியும் பார்த்துக்கொள்கின்றன. இஷ்டத்துக்குச் சமைக்கவும் முடியாது. 2005ஆம் ஆண்டின் 107ஆம் எண் ஆணையில் 'நுகர்வுக் கூடை' என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இறைச்சி இவ்வளவு, மீன் இவ்வளவு, காய் இவ்வளவு, பருப்பு வகை இவ்வளவு என்று மாதக் கணக்கில் சராசரி காட்டவேண்டும். பருப்புக்குத் தனி இடம் என்று படித்ததும் கொஞ்சம் மனம் இளகியது, மறைக்கவேண்டாம்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி இனிப்பு. வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாடே இனிப்பாக இருக்கும். ரவையைப் பாலில் காய்ச்சி, மேலே கோகோவும் சர்க்கரையும் தூவி, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் பழம் வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. இல்லாவிட்டால் பிள்ளைகள் நாளெண்ணிக் காத்திருக்கும் 'புஹ்திச்கி': விரல் நுனி அளவு பன் துண்டுகள் வெதுவெதுப்பான வெனிலாக் கஞ்சியில் மிதக்கும். "அது டிபன்கூட இல்லையே, பாயசம் அல்லவா?" என்று புலம்பினேன். அன்றைக்கு மட்டும் தட்டு வழித்த மாதிரி திரும்பும் என்று மகள் சொன்னாள்.

பத்து மணி டப்பா

காலை எட்டு மணிக்கு முதல் பாடம். ஒரு பாடம் 45 நிமிடம். அதற்கு முன்னால் நிலவறையில் செருப்பு மாற்றும் இடம். கம்பி வலை அடித்த அறைகள், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்று. வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, 'பச்கோரி' என்ற துணிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் மாடிப்படி ஏறவேண்டும். இதை மட்டும் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது மெச்சிக்கொண்டார். "பரவாயில்லையே, வெள்ளைக்காரனுக்கும் வாசல்ல செருப்பு விடத் தெரியுதே." மதிப்பெண் விஷயத்தில் அந்த மெச்சுதல் கிடைக்கவில்லை. இங்கே ஒன்றிலிருந்து ஐந்துவரை தான், ஒன்றுதான் உச்சம், ஐந்து என்றால் தேறவில்லை. ஜனவரி கடைசியில் அரையாண்டுச் சான்றிதழ் வந்ததும் மகள் பாட்டியிடம் ஓடிப்போய், "பாட்டி, கணக்குல ஒண்ணு, செக்குல ஒண்ணு, பாட்டுல ஒண்ணு" என்றாள். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "போனை அப்பாகிட்ட குடும்மா" என்று குரல் இறங்கி வந்தது.

இரண்டாவது பாடம் முடிந்து 9.40க்கு ஒரு நீண்ட இடைவேளை, 20 நிமிடம். அதற்கு 'ஸ்வச்சினா' என்று ஒரு சிறுதீனி, அது மட்டும் வீட்டிலிருந்து. போதாதா எனக்கு? மதியத்துக்குக் கிடைக்காத உரிமையை எல்லாம் அந்த 20 நிமிடத்தில் திணித்தேன். நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சோறு, நெய் விட்ட சப்பாத்தி உருட்டு. மகள் தின்றுவிட்டு வந்தாள், புகார் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம், காலை பல் துலக்கும்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, எனக்கு ரொஹ்லீக் குடுத்துவிடேன். வெண்ணெய் தடவி." ரொஹ்லீக் என்பது இங்கத்திய கோல் ரொட்டி, கொஞ்சம் வளைந்து இருக்கும். யாராவது கேலி செய்தார்களா என்று கேட்டேன். இல்லை. டப்பாவைத் திறந்தால் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள், என்ன என்ன என்று கேட்கிறார்கள், ஆளுக்கொரு வாய் வேண்டும் என்கிறார்கள். "சொல்லிச் சொல்லி பிரேக் முடிஞ்சிடுது. விளையாட டைமே இல்ல."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும். ரொஹ்லீக் வாங்கினேன்.

மதியத்துக்கு மேல்

மதியம் சாப்பாடு முடிந்தால் சின்ன வகுப்புக்குப் படிப்பும் முடிந்தது. பெற்றோர் வேலையிலிருந்து வரும்வரை 'த்ருஷினா' என்ற மாலைக் காப்பகம், அதே கட்டடத்தில். அக்டோபரில் 'க்ரோஷ்கி' தொடங்கும். சின்ன வட்டங்கள் என்று பொருள். மன்றம் என்று நாம் சொன்னால் மேடையும் தலைவரும் நினைவுக்கு வருவதால் வட்டம் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. களிமண் வேலை, ப்ளோர்பால் என்ற பிளாஸ்டிக் பந்து ஹாக்கி, ரெக்கார்டர் என்ற மரக்குழல், சமையல், சதுரங்கம், மலையேற்றம் என்று ஒரு தாள் முழுக்க வட்டங்கள். அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். டியூஷன் மாதிரி ஒன்றும் இல்லை. நான் சதுரங்கத்தில் விரல் வைத்தேன், விஸ்வநாதன் ஆனந்தின் ஊர்க்காரன் வேறெதில் வைப்பான். மகள் களிமண்ணிலும் ப்ளோர்பாலிலும் வைத்தாள். அவள்தான் ஜெயித்தாள். இப்போது வீட்டில் ஜன்னல் திட்டு முழுக்கச் சாய்ந்த கிண்ணங்கள். ஒன்றுகூடத் தண்ணீர் நிற்காது.

இதுபோகப் பள்ளிக்கு வெளியேயும் ஒரு உலகம். அரசு உதவியோடு நடக்கும் கலைப் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, இசைக்கும் ஓவியத்துக்கும் நடனத்துக்கும் குறைந்த கட்டணம், இடம் கிடைப்பதுதான் பாடு. உடற்பயிற்சிக்கு 'சோகோல்' என்ற இயக்கம். 1862இல் ப்ராகில் மிரோஸ்லாவ் திர்ஷும் யிண்ட்ரிஹ் ஃப்யூக்னரும் தொடங்கியது, அதன் கூடங்களைச் சிற்றூர்களில்கூடப் பார்க்கலாம். சாரணர்கள் கோடையில் காட்டில் கூடாரம் அடித்து வாரக்கணக்கில் தங்குவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது ஒன்றுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, 'இத்தனை மணிக்குத் தனியாக அனுப்பலாம்' என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு, காப்பகத்திலிருந்து கிளம்பி, சாலையைக் கடந்து, மரக்குழல் வகுப்புக்குத் தானே நடந்து போகும். கழுத்தில் வீட்டுச் சாவி. நான் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட ஆறு மாதம் ஆனது. போட்ட அன்றைக்கு ஐம்பதடி தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். மானம் போயிற்று.

பள்ளி வருடத்தில் இன்னும் எத்தனையோ உண்டு. டிசம்பர் 5ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புனித மிக்குலாஷாகவும் தேவதையாகவும் சங்கிலி குலுக்கும் சாத்தானாகவும் வேடமிட்டுச் சின்ன வகுப்புகளுக்குள் நுழைவார்கள். பழைய பேப்பர் சேகரிக்கும் வாரத்தில் எந்த வகுப்பு அதிக எடை என்ற போட்டிக்காக அப்பாமார்கள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இதையெல்லாம் நான் சீக்கிரமே ரசிக்கப் பழகிவிட்டேன். சாப்பாட்டுக் கூடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

அலுவலகத்தில் ஒருநாள் புலம்பினேன். அனுதாபம் எதிர்பார்த்த எனக்குக் கிடைத்தது பெருங்கொண்டாட்டம். "உஹோ இன்னும் போடுகிறார்களா?" என்று நாற்பத்தைந்து வயது மேலாளர் கேட்டார். உஹோ என்றால் 'எதற்கும் பொருந்தும் பழுப்புக் குழம்பு' என்பதன் சுருக்கம். எந்த இறைச்சி போட்டாலும் ஒரே நிறம், ஒரே ருசி. பக்கத்து மேசைக்காரர், தான் ஓஸ்ட்ரவாவில் படித்தபோது சதகுப்பைக் குழம்பு நாளில் முட்டையைக் குழம்புக்கடியில் புதைத்து, தட்டைத் திருப்பிக் கொடுத்த வீரக்கதையைச் சொன்னார். இன்னொருவர் இரண்டாவது தடவை சூப் வாங்க ஓடிய கதை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது. ஆனால் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட்ட மாதிரி பேசினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில், பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போன நாட்களில் நாடு முழுக்க வேர்விட்ட ஏற்பாடு இது. அரை மணி நேரம் அவர்கள் திட்டித் திட்டிச் சிரித்ததைப் பார்த்தபோது எனக்குச் சிறிது பொறாமையாகக்கூட இருந்தது. அன்று மாலை மகளிடம் கேட்டேன்: "இன்னைக்கு என்ன?" "கொப்ரோவ்கா" என்றாள், மூக்கைச் சுருக்கி, "ஃபுய்!" என்றாள். கொப்ரோவ்கா என்பது அதே சதகுப்பைக் குழம்பு. அந்த 'ஃபுய்'யில் வந்த முகச்சுளிப்பு பக்கத்து மேசைக்காரருடையதேதான். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படிச் சுளிக்கத் தெரியாது.

முதல் நாள் காய்ச்சல்

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பள்ளிக்குத் தகவல் சொன்னேன். சாப்பாட்டை ரத்து செய்ய மறந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முந்தைய நாளே செய்திருக்கவேண்டும், ஆனால் முந்தைய நாள் காய்ச்சல் இல்லையே. சமையலறைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த அம்மையார் என் செக் மொழியைப் பொறுத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனால் முதல் நாள் சாப்பாடு பிள்ளைக்கு உண்டு. நாளையிலிருந்து கிடையாது. பதினொரு மணிக்குப் பின்பக்கத்து ஜன்னலுக்கு வாருங்கள். 'யீட்லோநோசிச்' கொண்டுவாருங்கள்.

அகராதியில் தேடினேன். படம் வந்தது. பார்த்ததும் தனியாகச் சிரித்துவிட்டேன். அடுக்கடுக்காகக் கிண்ணங்கள், பக்கவாட்டில் கம்பி, மேலே கைப்பிடி. நம் டிபன் கேரியர்! சமையலறை மேல்தட்டில் அது இருந்தது. நான்கு அடுக்கு எவர்சில்வர், அம்மாவின் கல்யாணச் சீர். விமானம் ஏறும்போது, "அங்க எதுக்கும்மா இது" என்று நான் எடுத்து வைக்க, அவர் திரும்பப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது. ஏழு வருடமாகப் பஞ்சு, நூல், பழைய சாவிகள் போட்டு வைத்திருந்தோம். கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி மகளுக்குத் துணையாக உட்கார்ந்தார்.

ஜன்னலில் எனக்கு முன்னால் ஒரு முதியவர். வெளியாட்களும் முழு விலை கொடுத்து வாங்கலாமாம். அக்கம்பக்கத்து ஓய்வூதியக்காரர்கள் சிலர் தினமும் வருவார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் கையில் எனாமல் பூசிய கேரியர், மூன்று அடுக்கு, விளிம்பில் கறுப்பாகப் பெயர்ந்திருந்தது. என்னுடையதை உற்றுப் பார்த்தார். கேட்காமலேயே வாங்கினார். கொக்கியை ஒருமுறை கழற்றி, ஒருமுறை மாட்டி, தட்டிப் பார்த்து, "துருப் பிடிக்காது" என்று தானே தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். உள்ளேயிருந்து சமையல்கார அம்மா எட்டிப் பார்த்தார். அகன்ற முகம், வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை ஆவியில் சிவந்த கைகள். நான்கு அடுக்கையும் பிரித்து வரிசையாக வைத்ததும் அவருக்கு ஒரே குஷி. சூப்புக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, முட்டைக்கும் ஊறுகாய்க்கும் ஒன்று. மீதி ஒன்றில் என்ன வைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்து ஓர் ஆப்பிளை வைத்தார். மூடும்போது கை நின்றது. விளிம்பில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவினார். என்ன இது என்று கேட்டார். "என் அம்மா பெயர். அவர் கல்யாண வருடம்." 1981 என்று எண் மட்டும் அவருக்குப் படிக்க வந்தது. "எங்கள் அம்மாவும் நகப்பூச்சால் எழுதி வைப்பார்" என்றார். "இல்லாவிட்டால் மாறிப்போகும்."

அந்த நேரத்தில் உள்ளே முதல் வகுப்பு சாப்பிட வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. பீப். தட்டு. "நன்றி." பீப். கழுத்தில் தொங்கும் நீல மின்னணுச் சில்லை ஒவ்வொரு குழந்தையும் நுனிக்காலில் எம்பிக் கருவியில் காட்டியது. எங்கள் குடியிருப்பு மருத்துவரின் பையன் போனான். எங்கள் மாடிப்படியைத் துடைக்க வரும் உக்ரைன்காரப் பெண்ணின் மகள் போனாள். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு நிதியிலிருந்து பணம் வந்துவிடும் என்று நண்பர் ஒருமுறை சொல்லியிருந்தார். யார் அந்தப் பிள்ளைகள் என்று கண்டுபிடிக்க நான் என்னையறியாமல் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாச் சில்லும் நீலம், எல்லாவற்றுக்கும் அதே பீப்.

வீட்டுக்கு வந்தால் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டதற்கு ரசஞ்சோறு போதும் என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மேசையில் கேரியரைப் பிரித்தேன். உருளைக்கிழங்கு சூப், மர்ஜோரம் இலை வாசனை. அடுத்த அடுக்கில் 'ஹ்ரஹோவா கஷே': மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்துக் கடைந்து, மேலே வெங்காயத்தைச் சிவக்க வறுத்துப் போட்டது. பக்கத்தில் அவித்த முட்டை, வெள்ளரி ஊறுகாய். பருப்புக் கடையல்! தாளிக்காத பருப்புக் கடையல். கரண்டி எடுத்து வைத்தேன், பிறகு அதை ஓரமாக நகர்த்திவிட்டுக் கையாலேயே சாப்பிட்டேன். கடுகும் மிளகாயும் கிள்ளிப் போடலாமா என்று அடுப்புவரை போய்த் திரும்பி வந்தேன். இருக்கிறபடியே சாப்பிட்டுப் பார்ப்போம் என்று தோன்றிற்று. ஏழிலிருந்து பத்து வயதுக்கான அளவு, பத்து வாயில் முடிந்தது. உப்பு கம்மி. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு நாற்பது வயது. பள்ளியில் சமைத்த சாப்பாட்டை நான் முழுதாக உண்டது அன்றைக்குத்தான். ஆனால் ஒரு வாய் முன்பே உண்டிருக்கிறேன். கடலூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளி, 1994 இருக்கும். எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவு. மணி அடித்ததும் பாதிப் பேர் தட்டைத் தட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் டப்பாவோடு தாழ்வாரத்தில் உட்காருவோம். யார் மரத்தடி, யார் தாழ்வாரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் என் புளிச்சோற்றைக் கொடுத்துவிட்டு, சிநேகிதன் தட்டிலிருந்து சாம்பார் சோறு ஒரு வாய் வாங்கித் தின்றேன். ஊர் சின்னது, நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. அம்மா அடித்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரே தடவைதான். "அது இல்லாதப்பட்டவங்களுக்குடா. உனக்கு நான் என்ன கொறை வச்சேன்?" அவரே அழுதுகொண்டிருந்தார், அதுதான் எனக்குப் புரியவில்லை. நாங்கள் ஒன்றும் பெரிய வசதிக்காரர்கள் இல்லை. மாதக் கடைசியில் அந்த டப்பாவில் வெறும் மோர்சோறுதான் இருக்கும். ஆனாலும் டப்பா போகும்.

அன்று இரவு அம்மாவை அழைத்தேன். பேத்தியின் காய்ச்சல், கஷாயம், நெற்றிப்பற்று எல்லாம் பேசி முடித்த பிறகு கேரியர் கதையைச் சொன்னேன். ஏழு வருடம் கழித்து அது தன் வேலையைச் செய்தது என்றதும் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான்தான் சொன்னேனே." வெள்ளைக்கார அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்ததை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"எல்லாப் பிள்ளைகளும் அதேதான் சாப்பிடுதா?"

"ஆமாம்மா."

"டாக்டர் வீட்டுப் பிள்ளையும்?"

"அவனும்தான். நானே பார்த்தேன்."

கொஞ்ச நேரம் பின்னால் ஓடும் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு போய்விட்டதோ என்று கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் கம்மி."

"காமராஜர் சோத்துலயும் கம்மியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. "நாங்க நாலு பேரும் வீட்டுலேருந்து உப்புக்கல்லு முடிஞ்சு எடுத்துட்டுப் போவோம்."